மாடியறைத் தூங்குமூஞ்சி

15-9-1991, ஞாயிற்றுக்கிழமை

வீட்டார் ‘வாயாடி’ என்று அழைக்கும் என் அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. இங்கே உன் அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். என் முழங்கால் மட்டும் வழக்கம்போல் தனக்கென்று ஓர் அபிப்பிராயம் வைத்துக்கொண்டிருக்கிறது. அங்குள்ள குளிர் உன் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா என்று அறிய விரும்புகிறேன்.

போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிய அட்டை 11-ஆம் தேதி, புதன்கிழமை கிடைத்தது. அதில் தேதி இல்லை. அஞ்சல் முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று. தேதியில்லாத கடிதம் தலையில்லாத முண்டம். இனி அவ்வாறு எழுதாதே.

மாணவர்களைத் தங்கவைக்கும் குடும்பங்களின் பெயர்களைக் கல்லூரி அனுப்பியபோது, அந்த வீட்டைத்தான் கேட்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது உன் அப்பாவுக்கு இன்னும் ஆறவில்லை. “விடுதி இருக்கறப்ப எதுக்கு இன்னொருத்தர் வீட்டுல ஒண்டுக்குடித்தனம்?” என்று நேற்றும் கேட்டான். பாலங்கள் பற்றிப் படிக்கப் போகும் பெண், பாலங்களுக்குப் பேர்போன பேராசிரியரின் வீட்டில் இருப்பதில் என்ன தவறு என்றேன்.

உனக்குத் தந்திருப்பது மாடியின் பின்புற அறையா? பெரியவர் எப்படி இருக்கிறார்? பார்வை, காது, நடை?

ஒன்றைக் கவனி. என் கடிதங்கள் கல்லூரி விலாசத்துக்கே வரும். அந்த வீட்டில் என்னைப் பற்றிப் பேச்செடுக்காதே. காரணத்தை உரிய நாளில் சொல்வேன்.

கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே.

இப்படிக்கு,
பெரியப்பா

*

29-9-1991 (ஞாயிற்றுக்கிழமை! போதுமா?)

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலையும் சேர்த்து அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

ஆமாம், மாடியின் பின்புற அறைதான். உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டு கட்டில்கள். ஒன்றில் நான், மற்றதில் என் மூட்டைமுடிச்சுகள். முதல் வாரம் முழுக்க வழிதெரியாத பூனை மாதிரி திரிந்தேன். குளியலறைக்கு என் நேரம் எது, யார் நாற்காலி எது, அடுப்பை யார் தொடலாம், எல்லாவற்றுக்கும் இங்கே ஒரு முறை உண்டு. யாரும் சொல்லித் தருவதில்லை. தப்பு செய்த பிறகுதான் தெரியவரும்.

பேராசிரியர் நம் ஊர்க்காரர் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். கண்பார்வை குறைந்துவிட்டது. மற்றபடி திடகாத்திரம். வீட்டம்மா இந்த ஊர்ப் பெண். நம் மொழியைக் கணவரிடமிருந்து கற்றிருக்கிறார். அவர் வாய்க்குள் முணுமுணுத்ததைக் கேட்டே கற்றதால் வசவுகள்தான் அதிகம்! அர்த்தம் தெரியாமல் அவ்வளவு பாசமாகச் சொல்கிறார். “வாடி மூதேவி, சாப்பாடு ஆறுது” என்று கூப்பிட்டால் எனக்குக் கண் கலங்கிவிடுகிறது, அம்மா ஞாபகத்தில். பேராசிரியர் தட்டைப் பார்த்துக்கொண்டு புன்னகை செய்வார்.

எல்லோருக்கும் என் அன்பு.

உங்கள் வாயாடி

*

13-10-1991, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நலம். உன் 29-ஆம் தேதிக் கடிதம் 8-10-1991, செவ்வாயன்று கிடைத்தது.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் நாள் வரவில்லை. நான் கேட்பதற்குப் பதில் எழுது. பெரியவர் நன்றாகத் தூங்குகிறாரா? தம் இளமைக்காலம் பற்றிப் பேசுவதுண்டா? வீட்டம்மா முகம் வாடாமல் இருக்கிறாரா? பழைய மாணவர்களைப் பற்றி அந்த வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது? நீயாக எதையும் சேர்க்காமல், கேட்டதைக் கேட்டபடி எழுதவும்.

இரவில் தலையை மூடிக்கொண்டு படு.

பெரியப்பா

*

28-10-1991, திங்கட்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சளி பிடித்து விட்டுவிட்டது. இப்போது சுகம். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

நேற்று ஒரு வேடிக்கை. இங்கே வருடத்துக்கு இரண்டு தடவை ஊரே கடிகாரத்தைத் திருத்தி வைக்கிறது. குளிர்காலத்துக்கு ஒரு மணி பின்னால், வசந்தத்தில் ஒரு மணி முன்னால். வீட்டம்மா ஸ்டூல் மேல் ஏறிக் கூடத்துக் கடிகாரத்தைத் திருப்பிக்கொண்டே எனக்கு ஒரு கதை சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால், அவர் அப்பா காலத்தில், என் அறையில் பேராசிரியரும் இன்னொரு பையனும் மாணவர்களாகத் தங்கியிருந்தார்களாம். இறுதிப் பரீட்சையில் முதலாவதாக வருபவருக்குத்தான் தொடர்ந்து படிக்க இடம். அந்தப் பையன் பரீட்சையன்று தூங்கிப்போய், மூடிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினானாம். மூட்டைகட்டி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். “தூங்குமூஞ்சி! இந்த வீட்டுல யாராவது லேட்டா எழுந்தா இப்பவும் அவன் பேரைச் சொல்லித்தான் எழுப்புவோம்” என்றார். நேற்று என்னையும் அப்படித்தான் எழுப்பினார்கள். எல்லோரும் சிரித்தோம். நீங்களும் சிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

உங்கள் வாயாடி

*

1-12-1991, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள்? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. கல்லூரி அஞ்சல் பெட்டியைத் தினமும் பார்க்கிறேன். அப்பாவோ “உன் பெரியப்பாவுக்கு என்ன, குண்டுக்கல் மாதிரி இருக்கார், மூணு வேளையும் குறை சொல்லிக்கிட்டே சாப்பிடறார்” என்று எழுதுகிறார். நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனா? தேதி எல்லாம் சரியாகத்தானே போட்டேன்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
வாயாடி

*

22-12-1991, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

என் உடல்நலத்துக்குக் குறைவில்லை. இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். ஆறாவது இது.

தூங்குமூஞ்சி நான்தான்.

நான் நோயுற்றுப் படிப்பைப் பாதியில் விட்டு வந்ததாக நம் வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். நடந்தது வேறு. நானும் அவனும் ஒரே கப்பலில் போனவர்கள். அந்த ஊர்ப் பேச்சு அவனுக்கு விரைவில் வசப்பட்டது. எனக்குப் படிக்க வரும், பேச்சு காதில் ஏறாது. ஆகவே அந்தக் குடும்பத்தார் எதைச் சொன்னாலும் அவனிடம் சொல்வார்கள், அவன் என்னிடம் சொல்வான். எங்கள் இருவருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது. அவன் வாய்தான் எனக்குக் காது.

28-3-1954, ஞாயிற்றுக்கிழமை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைத்தார்கள். மறுநாள் காலை பரீட்சை. நான் அன்று முழுவதும் அறையைவிட்டு வெளியே வராமல் படித்தேன். மூன்று வேளையும் அவனே தட்டில் உணவு கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொரு வேளையும் பசி எடுப்பதற்கு முன்பே தட்டு வந்தது. என்மேல் அவனுக்கு எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். என் மேசைக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியிருந்ததை மூன்று முறையும் அவன் பார்த்தான்.

திங்களன்று காலை, “நான் முன்னாடி போறேன், நீ நிதானமா வா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். நான் நிதானமாகத்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது. காவலாளியோடு கையைக் காட்டிச் சண்டை போட்டேன். வீடு திரும்பியதும் எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டு ஏதோ கேட்டார்கள். என் சார்பில் அவன் பதில் சொன்னான். என்ன சொன்னான் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. திரும்பும் கப்பலில் பணியாள் ஒருவன் கடிகாரத்தைத் திருத்தச் சொல்லிக் அந்த ஊரில் வசந்தத்தில் கடிகாரத்தை முன்னால் தள்ளும் வழக்கத்தை விளக்கியபோதுதான் மற்றதெல்லாம் விளங்கியது. நான் தூங்கிவிட்டதாக அவன் சொன்னான் என்பது உன் கடிதத்தில்தான் தெரிந்தது.

பாலம் கட்டவேண்டியவன், பிறர் கட்டிய பாலங்களுக்குக் கோடு இழுக்கும் வரைவாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அந்த வீட்டில், அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, முப்பத்தேழு ஆண்டுகளாக என்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பதைப் பொறுக்கமாட்டேன். உன்னையும் சிரிக்க வைத்திருக்கிறான்.

அவனை நீ வெறுக்கவேண்டும் என்று கேட்கவில்லை. கண்ணைத் திறந்து வைத்திரு. அதற்காகத்தான் உன்னை அங்கே அனுப்பினேன்.

பெரியப்பா

*

26-1-1992, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் நலம் விரும்புகிறேன்.

கடிதம் கிடைத்தது. படித்தேன்.

இங்கே பனி. பருவத் தேர்வு நன்றாக எழுதியிருக்கிறேன். பேராசிரியர் போன வாரம் ஆற்றின்மேல் எழும்பும் புதிய பாலத்தைக் காட்ட அழைத்துப் போனார். அவர் கண்ணுக்குத் தெரியாததை நான் பார்த்துச் சொல்ல, எனக்குப் புரியாததை அவர் விளக்கினார். அடுத்த வருட உதவித்தொகைக்கு என் பெயரை அவரே பரிந்துரைத்திருக்கிறார். அவருக்கு மார்ச் 30-ஆம் தேதி கல்லூரியில் பெரிய பாராட்டு விழா, பதக்கம் தருகிறார்கள். வீட்டம்மா மகளின் பிரசவத்துக்கு வெளியூர் போய்விட்டு அன்றுதான் திரும்புகிறார்.

அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது?

வாயாடி

*

16-2-1992, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

உன் அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. என் கடிதத்துக்கு நீ எழுதிய பதில் மூன்றே சொற்கள். அவற்றைப் பலமுறை படித்தேன்.

நாட்காட்டியைப் பார்த்தேன். மார்ச் 29 ஞாயிற்றுக்கிழமை, கடிகாரம் முன்னால் நகரும் நாள். மறுநாள் திங்கள், விழா. வீட்டம்மா ஊரில் இல்லை. அவனுக்குக் கண் தெரியாது. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவரும் தேதி பார்த்து வேலை செய்பவர்தான்.

நீ எதுவும் செய்யவேண்டியதில்லை. செய்யாமலிருந்தால் போதும். அவன் படுக்கையருகில் இருக்கும் கடிகாரத்தைத் தொடாதே. கேட்டால் மட்டும் பதில் சொல், அதுவும் நிதானமாக. உணவை நீயே அவன் அறைக்குக் கொண்டுபோய்க் கொடு. நிரம்பிய மண்டபம் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம். வட்டி வேண்டாம்.

இதை நான் வேண்டுகோளாகக் கேட்கவில்லை.

கதகதப்பாக இரு.

பெரியப்பா

*

5-4-1992, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள் பதிலுக்காகக் காத்திருந்திருப்பீர்கள். என்ன செய்வதென்று தெரியாமல் எழுதவில்லை. செய்து முடித்துவிட்டு எழுதுகிறேன்.

வீட்டம்மா கிளம்பும்போதே, “டீ மூதேவி, இந்தத் தடவை கடிகாரமெல்லாம் உன் பொறுப்பு” என்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில், சமையலறையில் தள்ளிவைத்தேன். பேராசிரியரின் அலாரம் கடிகாரம் மட்டும் வெகுநேரம் என் கையிலேயே இருந்தது. பிறகு அதையும் சரியாகத் தள்ளிவைத்தேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். அவர் விழாவுக்குத் தாமதமாகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? “பாவம், வயசாச்சு, கண்ணு தெரியலை” என்று பரிதாபப்பட்டுப் பதக்கத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். நீங்கள் தூங்குமூஞ்சியாகவே இருந்திருப்பீர்கள். யாருக்கும் தெரியாத தோல்வியால் நமக்கு என்ன லாபம்?

விழா சிறப்பாக நடந்தது. அன்று மாலை வீட்டில் விருந்து. கல்லூரித் தலைவர், பழைய மாணவர்கள், பாலக் கம்பெனிக்காரர்கள், மேசை கொள்ளாத கூட்டம். பேராசிரியர் கழுத்தில் பதக்கம். ஒருவர் கடிகாரம் மாறியதால் தூக்கம் கெட்டதென்று அலுத்துக்கொள்ள, வீட்டம்மா உடனே ஆரம்பித்தார்: “இந்த வீட்டுல ஒரு தூங்குமூஞ்சி இருந்தான், தெரியுமா? அவன் மட்டும் அன்னிக்கு எழுந்திருந்தா, இந்தப் பதக்கம் யார் கழுத்துலயோ!”

எல்லோரும் சிரித்து ஓயும்வரை காத்திருந்தேன். “கடிகாரத்தை மாத்தணும்னு அவருக்கு யாரும்மா சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“இவர்தான். அவனுக்கு எங்க பேச்சு அரைகுறை. நான் சனிக்கிழமையே இவர்கிட்ட சொல்லியனுப்பினேனே.”

நான் பேராசிரியர் பக்கம் திரும்பினேன். “சொன்னீங்களா, ஐயா?”

“இதென்ன கேள்வி!” என்று வீட்டம்மா சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. என் முகம் இருந்த திசையைப் பார்த்து, நம் மொழியில், “நீ யாரு?” என்றார்.

“தூங்குமூஞ்சியோட தம்பி மக.”

மற்றவர்களுக்குப் புரியவில்லை. வீட்டம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் புரியும்படி அந்த ஊர் மொழியிலேயே கேட்டார்: “சொன்னீங்களா, இல்லையா?”

“சொல்லலை.”

“மறந்துட்டீங்க. அப்படித்தானே? பரீட்சை பயத்துல மறந்துட்டீங்க.”

கணவர் தப்பிக்க வீட்டம்மாவே கதவைத் திறந்துவிட்டார், பெரியப்பா. ஆமாம் என்று ஒரு சொல் போதும். எல்லோரும் நம்பியிருப்பார்கள். நானேகூட வாயடைத்துப் போயிருப்பேன். பேராசிரியர் பதக்கத்தைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “மறக்கலை” என்றார்.

அதன்பிறகு யாரும் சாப்பிடவில்லை. வீட்டம்மா என்னிடம், “அப்ப அவன் தூங்கவே இல்லையா?” என்று கேட்டார். “இல்லம்மா. படிச்சுக்கிட்டு இருந்தார்” என்றேன். நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். இதுவரை யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. உதவித்தொகை போனாலும் போகட்டும்.

உங்கள் வாயாடி

*

19-4-1992, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நலம்.

என் கட்டளையை மீறினாய். அதைப் பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறேன்.

நீ செய்தது நான் சொன்னதைவிடச் சிறந்தது. ஒரு மணி நேரம் கேட்டேன். நீ அவனுடைய முப்பத்தெட்டு ஆண்டுகளையும் மேசைமேல் கொட்டிவிட்டாய். வாயாடி என்று உனக்குப் பெயர் வைத்தவன் நான்தான் என்பதை உன் அப்பாவிடம் இன்று இருமுறை நினைவூட்டினேன்.

சில விவரங்கள் விடுபட்டிருக்கின்றன. அவனுக்கு எதிரில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? பதக்கத்தை எந்தக் கையால் கழற்றினான்? கை நடுங்கியதா? வீட்டம்மா என்னைப் பற்றி அதன்பின் என்ன சொன்னாள் என்பதை ஒரு சொல்லும் விடாமல் எழுது.

பெட்டியைப் பிரி. நீ அந்த வீட்டைவிட்டுப் போகக்கூடாது. போனால் தோற்றவர்கள் நாம் என்று ஆகும். இந்தக் கடிதத்தைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன். உறையின் பின்புறம் என் பெயரையும் விலாசத்தையும் கொட்டை எழுத்தில், கண் மங்கியவனும் படிக்கும்படி எழுதியிருக்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

பெரியப்பா

*

24-5-1992, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நான் நலம். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உதவித்தொகை எனக்கே என்று செவ்வாயன்று அறிவித்துவிட்டார்கள். அவர் பரிந்துரையைத் திரும்பப் பெறவில்லை.

நீங்கள் கேட்ட விவரங்கள்: எதிரில் கல்லூரித் தலைவர். வலது கை. நடுங்கியது.

வீட்டம்மா அன்று வந்த ஒவ்வொருவரையும் தேடிப்போய், “நான் சொன்ன கதை பொய், அவன் தூங்கலை” என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு நாள் என்னை உட்காரவைத்து, “மூதேவின்னா என்ன அர்த்தம்? நிஜத்தைச் சொல்லு” என்றார். சொன்னேன். மற்ற வசவுகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். “இவ்வளவு வருஷமா வர்றவங்களையெல்லாம் இப்படியா கூப்பிட்டேன்? இதையும் இவர் சொல்லலையே” என்றார். அதற்குப்பின் நம் மொழியில் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. கணவரிடம் எந்த மொழியிலும் பேசுவதில்லை. வீடு சத்திரம் மாதிரி இருக்கிறது. சாப்பாட்டுக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.

உங்களைப் பற்றி ஒன்று சொன்னார்: “ஊருக்குக் கிளம்பினப்ப வாசல்ல நின்னு என்கிட்ட ஏதோ சொல்ல வந்தான். எனக்குத்தான் புரியலை.” என்ன சொல்ல வந்தீர்கள் என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் உங்களைக் கேட்கவில்லை.

உங்கள் கடிதம் வந்தபோது பேராசிரியர்தான் வாசலில் இருந்தார். உறையைத் திருப்பிக் கண்ணுக்கு ரொம்ப அருகில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார். “விலாசம் தெரிஞ்சிடுச்சு. ஆனா அவன் அனுமதி இல்லாம எழுதமாட்டேன். ஒரே ஒரு கடிதம் எழுதிக்கலாமான்னு கேட்டுச் சொல்லும்மா” என்றார். அன்றிலிருந்து தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார். மழையிலும் நிற்கிறார். “ஐயா, உள்ள வாங்க, வந்தா நான் எடுத்துட்டு வர்றேன்” என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. இருமல் வேறு. எனக்கு அந்த வாசலைக் கடந்து கல்லூரிக்குப் போவது கஷ்டமாக இருக்கிறது, பெரியப்பா.

என்ன சொல்லட்டும்?

உங்கள் வாயாடி

*

14-6-1992, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

இங்கு யாவரும் சுகம். உன் 24-5-1992 கடிதம் 2-6-1992, செவ்வாயன்று கிடைத்தது. அன்றே பதில் எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

உதவித்தொகைச் செய்தியைக் கேட்டு உன் அம்மா தெரு முழுவதும் சொல்லிவிட்டாள். அது நீ எழுதிய தேர்வுக்குக் கிடைத்தது. அதற்காக யாருக்கும் நீ கடமைப்பட்டவள் அல்ல. விடுமுறையில் இங்கே வருவதாக இருந்தால் கப்பல் வேண்டாம், விமானத்தில் வா. உன் அப்பா மாடி அறைக்கு வெள்ளையடித்திருக்கிறான். அளவு பார்க்காமல் சுண்ணாம்பு வாங்கிப் பாதி மீந்துவிட்டது. என் முழங்கால் இப்போது தேவலை. காலையும் மாலையும் நடக்கிறேன்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் வாசலில் சொல்ல வந்தது, உணவுக்கு நன்றி என்பதுதான் என்று சொல்.

அவன் அனுமதி கேட்டதாக எழுதியிருந்தாய். இந்த உறையும் வீட்டு விலாசத்துக்கே வருகிறது. அவன் கையில்தான் முதலில் கிடைக்கும். என்ன எழுதியிருக்கிறது என்று உன்னைக் கேட்பான். வெள்ளையடித்த சேதியைச் சொல்.

இனி மாதம் தவறாமல் எழுதுவேன். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு.

வாசலில் நிற்கட்டும்.

பெரியப்பா